லிஸ்டே இல்லாத ஆளுங்ககிட்ட சர்வே எடுக்குறது எப்படி?

மலைக்கோட்டை:
எம்எஸ்டபிள்யூ ஃபைனல் இயர். ப்ராஜெக்ட் குப்பை பொறுக்குறவங்கள பத்தி, மாநகராட்சி ஆளுங்க இல்ல, தோள்ல சாக்கு போட்டுக்கிட்டு தனியா போவாங்கல்ல அவங்க. பேங்க் அக்கவுண்ட் இருக்கா, கையில கண்ணாடி குத்துனா எங்க காட்டுவாங்க, இதான் கேள்வி. லிஸ்ட் எங்கயும் இல்ல, அதனால ஸ்நோபால் போட்டு ஒருத்தர் காட்டுனவர், அவர் காட்டுனவர்னு 40 பேர் முடிச்சிட்டேன், இப்ப கைடு இத வச்சு சதவீதம் போடாதங்கிறார். 40ல 31 பேர் ஒரே பாலத்துக்கு கீழ தங்குறவங்க, அதான் பிரச்சனையா?

கணக்குப்புள்ள:
அது பாதி. மீதி என்னன்னா நாலு பேர தெரிஞ்சவன்தான் மத்தவங்க வாயில மொதல்ல வருவான், ஒதுங்கி இருக்குறவன் வரவே மாட்டான். 1997ல ஹெக்கதார்ன்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல கனெக்டிகட்ல ஊசி போதை எடுக்குறவங்கள வச்சு இதுக்கு ஒரு வழி பண்ணாரு, ஆர்டிஎஸ் (respondent-driven sampling)னு பேரு. பேட்டி குடுத்தவர்கிட்ட நம்பர் போட்ட கூப்பன் கொஞ்சம், பொதுவா மூணு, அவர் கூப்பிட்டு வர்ற ஆளுக்கும் காசு அவருக்கும் காசு. யார் யார கூட்டிட்டு வந்தாங்கன்னு எழுதி வச்சுக்கணும், எத்தனை பேர தெரியும்னும் கேக்கணும், ஏன்னா வெயிட், அதாவது ஒருத்தர் பதில கணக்குல எவ்வளவுக்கு எடுத்துக்கணும்ங்கிறது, அதுல இருந்துதான் வருது.
நாலு பேருன்னு வை. ரெண்டு பேருக்கு 20 பேர தெரியும், அக்கவுண்ட் இருக்கு. ரெண்டு பேருக்கு 5 பேர்தான் தெரியும், அக்கவுண்ட் இல்ல. சும்மா எண்ணுனா 50%. 20க்கு 1/20, 5க்கு 1/5னு வெயிட் போட்டா 0.1ஐ 0.5ஆல வகுக்கணும், 20%தான் வரும். உன் 40 பேர்கிட்ட இந்த கேள்விய கேட்டியா?

மலைக்கோட்டை:
கேட்டேன் சார். எல்லாரும் "ஒரு பத்து இருவது பேரு இருப்பாங்க"ன்னாங்க 😭

காயலான்கடை:
தம்பி அப்படித்தான் சொல்லுவாங்க. "பேர் தெரிஞ்சவங்க, போன வாரம் நேர்ல பாத்தவங்க எத்தன"ன்னு கேளு, விரல் விட்டு எண்ணுவாங்க. ஆனா நான் உன் எடத்துல இருந்தா கூப்பன் பக்கமே போக மாட்டேன், நான் பாத்த ஒரு சர்வேல கூப்பன 20 ரூவாய்க்கு வித்துட்டாங்க, வந்தவர்ல பாதி பேர் குப்பையே பொறுக்காதவங்க. இவங்க எப்படியும் காயலான் கடைக்கு எடை போட வந்துதான ஆகணும்? ஊர்ல கடை எல்லாத்தையும் நடந்தே எழுது, கடை, கிழமை, நேரம்னு சீட்டு போட்டு குலுக்கி எடு, அந்த நேரத்துல வர்றவங்கள எண்ணி மூணாவது ஆள கேளு. வாரத்துல எத்தன தடவ வருவீங்கன்னும் கேட்டுக்கோ, தினம் வர்றவர் மாட்டுற வாய்ப்பு அதிகம்ல, அங்கயும் வெயிட் போடணும். தராசுல சாக்கு இருக்கும்போது மட்டும் பேச்சு குடுக்காத, கண்ணு முள்ளு மேலதான் இருக்கும், காசு வாங்குன அப்புறம் டீ வாங்கிக் குடுத்து கேளு.

கணக்குப்புள்ள:
இவர் சொல்றது உனக்கு சரியா வரும். ஆர்டிஎஸ்லயும் சாதா சாம்பிள விட பிழை நெறைய, 2006ல ரெண்டு மடங்கு சாம்பிள் எடுங்கன்னாங்க, 2010ல கோயல், சல்கானிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அது பத்தவே பத்தாதுன்னு காட்டிட்டாங்க. ஒண்ணு, தெருவுக்கே வண்டி கொண்டு வந்து வாங்குறவங்ககிட்ட மட்டும் விக்கிறவங்க கடை சாம்பிள்ல வர மாட்டாங்க, ரிப்போர்ட்ல எழுதிடு.

மலைக்கோட்டை:
அப்ப அந்த 40 பேர்?

காயலான்கடை:
தூக்கிப் போடாத. கடை எங்க, எப்ப கூட்டம்னு அவங்களுக்குத்தான தெரியும், அவங்ககிட்டயே கேளு.