12க்கு 20 அடிக் கொல்லை: நிழலைப் பார்த்து நட்ட அனுபவம்

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருப்பது இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட பழைய வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டின் வடக்கே 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கொல்லை; துவைக்கும் கல்லும் அதற்குள்ளேயேதான். இவ்வளவு சிறிய இடத்தில் என்ன விளையும் என்று பலரும் கேட்கிறார்கள். இடத்தின் அளவைவிட அதில் விழும் வெயிலே விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்பது நான் கண்டறிந்தது.

இதை எனக்கு உணர்த்தியவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. நாங்கள் குடிவந்த மார்கழியில் கடப்பாரையும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, "இப்பவே நட்டுடாதீங்க தம்பி, ஆடி வரைக்கும் நிழல் எங்கெங்க விழுதுன்னு பாருங்க" என்றார். அன்று உச்சிவேளையில் நிழல் முடிந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்தேன். சூரியன் தெற்கே சாய்ந்திருந்ததால், வீட்டின் 12 அடிச் சுவர் அந்த நேரத்திலும் 8 அடிக்குக் குறையாமல் கொல்லைக்குள் நிழல் வீசியது. சித்திரை பிறந்த சில நாட்களில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆவணி முற்பகுதி வரை சற்று வடக்கிலேயே நிற்பதால், அந்த மாதங்களில் சுவரடி வரை வெயில் இறங்கியது. எங்கே எதை நடுவது என்பதை அந்தக் கோடே முடிவு செய்தது.

கோட்டுக்கு இப்பால், அரை நிழலைத் தாங்கும் வெற்றிலைக் கொடி, ஓமவல்லி, மஞ்சள். வைகாசியில் ஊன்றும் மஞ்சள், பொங்கல் பானையில் கட்டுவதற்கு இலையும் கிழங்குமாகக் கைக்கு வந்துவிடுகிறது. கோட்டுக்கு அப்பால் ஆண்டு முழுவதும் வெயில் உண்டு என்பதால் மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றை அங்கே வைத்தோம்.

மரம் வைத்தால் அது வடக்குக் கோடியில்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அங்கிருந்தால் குளிர்காலத்தில் அதன் நிழல் வெளியே சந்தில் விழும், பாத்திகளைத் தொடாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையைத் தேர்ந்தெடுத்தேன். விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும் இதை, காய்ப்பு ஓய்ந்ததும் 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துவிடும். மழைக்காலத்தில் வரும் கம்பளிப்பூச்சிக்கு அஞ்சியே பலர் முருங்கையைத் தவிர்க்கிறார்கள். இரவில் இலையைத் தின்னும் அந்தப் புழுக்கள் பகலில் அடிமரத்தில் அடையடையாக ஒட்டிக்கொண்டிருக்கும்; மரம் குட்டையாக இருந்தால், துணி சுற்றிய நீண்ட குச்சியால் அவற்றை வழித்துச் சோப்புக் கரைசல் உள்ள வாளியில் தள்ளிவிடலாம்.

ஒரே ஒரு பப்பாளிக்கு மட்டும் இடம் இருப்பவர்கள், பறவை போட்டு முளைத்த கன்றை நம்பக் கூடாது. அது ஆண் மரமாக இருந்தால் காய்க்காமலே இடத்தை அடைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 இரகத்தில் தனி ஆண் மரமே கிடையாது என்பதால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர் விஷயத்தில் என் மனைவியின் ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகிறோம். துவைக்கும்போது வரும் முதல் தண்ணீரில் சோப்புத்தூளின் உப்பு மிகுதியாக இருந்து மண்ணை இறுக்கிவிடும் என்பதால் அது சாக்கடைக்குப் போகும். கடைசியாக அலசும் தண்ணீர் மட்டும் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும். அரிசி களைந்த கழுநீர் கறிவேப்பிலைக்கு. வாழையில் தாய்மரத்தோடு ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறோம். இல்லையெனில் குலை சிறுத்துவிடும்.

தென்னை வைக்க ஆசைப்படும் நண்பர்களை நான் தடுத்துவிடுவேன். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி கேட்கும் அதற்கு இந்தக் கொல்லை முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

கொல்லை தெற்கே அமைந்த வீடுகளில் இந்தக் கணக்கு மாறும். அங்கே மார்கழி, தை மாதங்களிலும் நல்ல வெயில் விழுவதால் குளிர்காலக் காய்கறிகளுக்கு எங்களைவிட அவர்களுக்கே வசதி அதிகம். ஆனால் அவர்கள் தெற்குக் கோடியில் மரம் வைத்தால் குளிர்காலம் முழுவதும் அதன் நிழல் பாத்திகளின் மேலேயே கிடக்கும். மேற்குச் சுவரோரம் வைத்தால் கோடையின் பிற்பகல் வெயிலிலிருந்து செடிகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.