பாடாங் செராய் வீட்டுத் திராட்சை: பந்தல் நிறைய இலை, குலை இல்லை

பின்கொல்லை:
வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, கெடா மாநிலம், பாடாங் செராய். வீட்டுக்குப் பின்னால் எட்டுக் கொடி, கறுப்புப் பன்னீர் திராட்சை, மூன்று வயது. ஏழடி உயரத்தில் ஜிஐ பைப் பந்தல். கொடி பந்தலை மூடிவிட்டது. குலை மொத்தமே ஐந்தாறு. இலையின் மேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை. மாதாமாதம் கோழி எரு போடுகிறோம். காய்ந்த குச்சியைத் தவிர எதையும் வெட்டியதில்லை. கவாத்து (கிளை வெட்டுவது) எந்த மாதம், எவ்வளவு?

பந்தல்:
தம்பி, குளிர்நாட்டில் கொடி தானே இலை உதிர்த்துத் தூங்கும். நம்மூரில் அந்தத் தூக்கம் கிடையாது. கத்தரி வைக்கும் நாள்தான் பருவத்தின் முதல் நாள். அதை மழையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கவாத்துக்குப் பின் 35–40 நாளில் பூ, 110–120 நாளில் பழம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி. நவம்பர் நடுவில் வெட்டினால் டிசம்பர் கடைசியில் பூக்கும், காய் வெயிலில் பருக்கும், மார்ச் முற்பாதியில் அறுக்கலாம்.

குலை புதுத் தளிரில் வந்தாலும் அதன் கரு முந்தின வளர்ச்சியிலேயே, கிளையின் மொட்டுக்குள் (தளிர் கிளம்பும் கணுவில் உள்ளது) உருவாகிவிடும். அதற்கு வெயில் வேண்டும். நிழலில் கிடந்த மொட்டு இலையைத்தான் தள்ளும். பந்தல் அடைசலும் கோழி எருவின் தழைச்சத்தும் சேர்ந்துதான் உங்கள் குலையைத் தின்றுவிட்டன.

அதனால் ஏப்ரல் நடுவில் அடிக்கவாத்து: கிளைக்கு 1–2 மொட்டு மட்டும். துளிர்த்ததும் நெருக்கமானவற்றைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த 40–60 நாள்தான் கரு பிடிக்கும் காலம்; பந்தலடியில் நின்றால் தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். நவம்பரில் காய்க்கவாத்து: பென்சில் பருமனில் பழுப்பாக முற்றிய கிளையில் 4–5 மொட்டு விட்டு வெட்டுங்கள். பச்சைக் கிளை வேண்டாம், அடியோடு எடுங்கள். தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் இதே பன்னீரை வருடத்தில் இரண்டு மூன்று முறை காய்க்க வைக்கிறார்கள். இங்கே ஏப்ரல் கவாத்தில் காய் எதிர்பார்த்தால் பூ மே மழையில் உதிரும். ஒரு போகமே போதும்.

மழைக்கூரை:
அந்த மஞ்சள் திட்டு அடிச்சாம்பல் நோய். இலை ஈரமாகவே இருந்தால்தான் பரவும். வெட்டிய இலையைப் பந்தலடியில் விடாதீர்கள். கவாத்து முடிந்த அன்றே 1 சதவீத போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்தை அடியுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், நீர்த்த சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும்.

வசதியிருந்தால் பந்தலுக்கு மேல் யூவி பிளாஸ்டிக் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். அடிச்சாம்பல் அடங்கும். ஆனால் இலைமேல் வெள்ளைப் பொடி படியும் மேல்சாம்பல் நோய்க்கு இலை நனையத் தேவையில்லை, கூரையடியில் அது கூடும். அதற்கு நனையும் கந்தகம் (நீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

செம்மண்:
மண்ணையும் பாருங்கள். நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு. திராட்சைக்கு பிஎச் 6க்கு மேல் வேண்டும். சோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். செம்பனைக்குப் போடும் எம்ஓபி (பொட்டாசியம் குளோரைடு) உரச் சாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள், அதிலுள்ள குளோரைடு திராட்சைக்கு ஆகாது. பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள், காய் மெத்தென்று ஆகும் சமயத்தில் கொடுங்கள். கோழி எருவை மாதாமாதம் வேண்டாம், கவாத்துச் சமயத்தில் மட்டும் போட்டால் போதும்.

இன்னொன்று: பக்கத்துத் தோட்டத்தில் 2,4-டி களைக்கொல்லி அடித்தால் காற்றில் வரும் சாரலே போதும். இளம் இலை விசிறிபோல் குறுகி, நரம்புகள் நெருங்கி, விளிம்பு பல்பல்லாக நீளும். நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம்.

பின்கொல்லை:
மிக்க நன்றி. வெட்டியபின் நுனி மொட்டு மட்டும் துளிர்த்து, கீழே உள்ளவை தூங்கினால்?

பந்தல்:
குளிர் இல்லாத ஊரில் அது நடக்கும். கவாத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரைக் குறையுங்கள், இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். வெட்டியபின் கிளையைப் படுக்கை வாட்டில் கம்பியில் கட்டுங்கள். நிமிர்ந்த கிளையில்தான் நுனி முந்தும்.