புறக்கோள் வளிமண்டல ஆய்வு: நீலகிரியில் இருந்தபடி எங்கே தொடங்குவது?

கோத்தகிரி மாணவி:
பி.எஸ்சி இயற்பியல் இரண்டாம் வருடம். புறக்கோள்களின் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள்) வளிமண்டலத்தை ஆராயும் வேலைக்குப் போக எந்தத் தேர்வு எழுதணும்? ப்ராஜெக்டுக்கு ஊட்டிப் பக்கத்து முத்தொரை ரேடியோ தொலைநோக்கியா, கொடைக்கானல் சூரிய ஆய்வகமா? 8 அங்குலத் தொலைநோக்கி இரவல் கிடைக்கும். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

மேகமூட்டம்:
முத்தொரை ஆன்டெனா 530 மீட்டர் நீளம், வேலை செய்வது 327 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பல்சருக்கு (துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் விண்மீன்) அருமை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு தடயம் தேடுவது அகச்சிவப்பில், அதனால் அது உங்களுக்கு ஒத்துவராது.

கொடைக்கானலைப் பிடியுங்கள். சூரியன்தானே என்று தள்ளிவிடாதீர்கள். கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி குறையும், அந்தக் குறைவுதான் கடப்பின் ஆழம். அது நிறத்துக்கு நிறம் மாறுவதை வைத்துத்தான் வளிமண்டலத்தைப் படிப்பது. விண்மீனின் முகத்தில் கோள் கடக்காத பகுதியில் இருண்ட புள்ளிகள் இருந்தால் ஆழம் கூடித் தெரியும், அதுவும் நீல நிறத்தில் அதிகமாக. பார்ப்பவர் அதைக் கோளின் புகைமூட்டம் என்று எழுதிவிடுவார். குளிர்ந்த சிவப்புக் குறுவிண்மீன் என்றால் புள்ளிக்குள்ளேயே நீராவி இருக்கும், பிறகு எது கோளின் நீர்? நூறு வருடத்துக்கும் மேலான சூரியப்புள்ளிப் பதிவுகளை அங்கே எண்ணிமமாக்கி வைத்திருக்கிறார்கள். புள்ளிப் பரப்பு அளக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

குன்னூர் வானம்:
8 அங்குலத்தில் வளிமண்டலம் தெரியாது. எச்டி 189733பி என்ற புறக்கோள் கடக்கும்போது ஒளி சுமார் 2.4% குறையும். அதன் வளிமண்டலத்தின் ஓர் அளவு உயரம் (அழுத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் உயரம்) ஏறக்குறைய 200 கி.மீ., அதனால் வரும் மாற்றம் 0.01% அளவுதான். கடப்பை மட்டும் பிடிக்கலாம்.

அந்த விண்மீன் நமக்கு மழைக்காலத்தில்தான் உச்சிக்கு வரும், விட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வாஸ்ப்-43பி கோளைப் பாருங்கள்: ஆழம் 2.5%, கடப்பு ஒன்றேகால் மணி நேரம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுக்கணும், இல்லையென்றால் அடிமட்டக் கோடு (கடப்பு இல்லாதபோதுள்ள ஒளி அளவு) கிடைக்காது. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, ஒரே நிறமுள்ள இரண்டு மூன்று விண்மீன்களோடு ஒப்பிடுங்கள். நம்ம ஊர்ப் பனிக்கு லென்ஸ் ஹீட்டர் இல்லாமல் உட்காரவே கூடாது. கண்ணாடி வேர்த்தால் ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) பொய்யாகச் சரியும்.

பைத்தான் பிரியன்:
எம்.எஸ்சிக்கு ஜாம் நுழைவுத் தேர்வு. பிஎச்.டிக்கு ஜெஸ்ட் தேர்வு: பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனம், அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வகம்) மூன்றும் அதைப் பார்க்கும். பிஎச்.டி ஐந்து வருடம், அதற்குப் பிறகு போஸ்ட்டாக் (பிஎச்.டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) ஒன்றோடு நிற்பது அபூர்வம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசம். வாஸ்ப்-39பி என்ற புறக்கோளில் தொடங்குங்கள். 2022-இல் கார்பன் டை ஆக்சைடு தெளிவாகத் தெரிந்தது அதில்தான். கடப்பு மாதிரிக்கு 'பேட்மேன்' என்ற பைத்தான் தொகுப்பு போதும். விளிம்பு மங்கலை (விண்மீன் நடுவைவிட ஓரத்தில் மங்கித் தெரிவது) தப்பாக வைத்தால் ஆழம் அலைநீளத்தோடு சேர்ந்து நகரும், முதல் ப்ராஜெக்டில் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான்.