மானாப் புல் நடுவில் காய்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். பண்டாரவளையில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், வீட்டுச் சரிவில் அழகுக்காக மானாப் புல் வைத்திருக்கிறேன். தேயிலை மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்றப் போடுவார்களே, அதே புல்தான். மலைப் புல்வெளியில் தானாக வளர்வது வீட்டில் வாடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

போன சித்திரை மழையில் நட்டது. ஐப்பசி மழைக்கு அப்புறம் தூரின் நடுப்பகுதி பழுத்துக் காய்ந்துவிட்டது. சுற்றிவர மட்டும் பச்சை. நடுத்தாளை இழுத்தால் கையோடு வருகிறது. அடி கறுத்து, அழுகல் வாடை அடிக்கிறது. வேரில் புழு இல்லை.

காய்ந்ததை வெட்டினேன், வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வடித்தேன், மாட்டெருவையும் நிறுத்திவிட்டேன். நடு துளிர்க்கவே இல்லை.

இப்போதே தூரைப் பிரித்து ஓரத்துப் பச்சையை வேறிடத்தில் நடலாமா, இல்லை அடுத்த மழை வரை விட வேண்டுமா?