ஏபெல் 2029: நடுத் திரள் மட்டும் ஒழுங்கு, மற்றவை?

பெங்களூரு ஜெயநகரில் முதுகலை ஆய்வேட்டோடு இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏபெல் 2029 என்ற விண்மீன் திரள் கொத்தின் நடுவிலுள்ள ராட்சத விண்மீன் திரள் ஐசி 1101, கொத்து நீண்டிருக்கும் திசையிலேயே நீண்டிருக்கிறது. இவ்வகை ஒழுங்கை 1968இலேயே வானியலாளர் சாஸ்திரி கண்டிருக்கிறார். சிக்கல் மற்ற திரள்களில். கடலில் ஓதம் எழுப்பும் அதே வகை ஈர்ப்பு அவற்றின் நீள அச்சைக் கொத்தின் மையம் நோக்கித் திருப்பியிருக்க வேண்டும். என் வரைபடத்திலோ அவிழ்த்துக் கொட்டிய நெல்லிக்காய் மூட்டை!

ஸ்லோன் வான் அளக்கையின் தரவு; சிவப்புப்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் ஒளி மாற்றம்) 0.077ஐ ஒட்டிய திரள்கள், அதாவது இந்தக் கொத்தைச் சேர்ந்தவை, மட்டும். வட்டமானவற்றை நீக்கினேன் (வட்டத்துக்கு ஏது திசை?). திரள் நீண்டிருக்கும் கோணம் வடக்கிலிருந்து கிழக்காக அளக்கப்படுவதை இருமுறை சரிபார்த்தேன். பலனில்லை. நடுத் திரளின் பரந்த ஒளி பக்கத்துத் திரள்களின் வடிவ அளவைக் கெடுக்கிறதோ என்றும் சந்தேகம்.

ஒரே கொத்தில் இந்த ஒழுங்கு தெரியுமா, பல கொத்துகளைச் சேர்த்து அடுக்கினால்தான் தெரியுமா?