ஊட்டியில சுத்தமா ஓடற 390, செட்டிபாளையத்துல மூணாவது கியர்ல கட் ஆகுது: க்விக்‌ஷிஃப்டரா, டூ-ஸ்டெப்பா?

ஃபெர்ன்ஹில்390:
வணக்கம். வண்டி டியூக் 390, 2015 மாடல், கேபிள் த்ராட்டில். டிராக் ரேசுக்கு (நேர்கோட்டுல ஓடற பந்தயம்) மட்டும்தான், ரோட்டுல ஓட்டறதில்லை. வெளிய வாங்கிப் போட்டது: பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற பிக்கிபேக் பாக்ஸ், அதுலயே க்விக்‌ஷிஃப்டர் இன்புட் (கிளட்ச் பிடிக்காம கியர் மாத்த ஒரு கணம் ஸ்பார்க்கை வெட்டறது; ஷிஃப்ட் ராடுல கால் அழுத்தத்தை உணர்ற ஸ்ட்ரெயின் கேஜ் சென்சார்), தனியா ஒரு டூ-ஸ்டெப் (ஸ்டார்ட் லைன்ல கிளட்ச் பிடிச்சிருக்கற வரைக்கும் ஆர்பிஎம்மை ஒரு அளவுல நிறுத்தற பாக்ஸ்), ஒரு ஷிஃப்ட் லைட் (கியர் மாத்தற நேரம் காட்டற விளக்கு). டூ-ஸ்டெப்புக்கு சிக்னல் கிளட்ச் சுவிட்ச் வயர்லேர்ந்து, 6500ல செட். பேட்டரி லித்தியம். கியர் ரிவர்ஸ் பேட்டர்ன் (ஒண்ணு மேல, மத்ததெல்லாம் கீழ).

ஊட்டி ஷெட்ல ஸ்டாண்டு போட்டு முறுக்கினா லிமிட்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. கீழ கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம் ட்ராக்ல ஒண்ணு, ரெண்டு நல்லா போகுது. மூணாவதுல 8000 தாண்டினதும் டபடபன்னு மிஸ் ஆகுது. இது போக, சில ரன்ல அரை செகண்டுக்கு ஆளே இல்லாத மாதிரி கட் ஆகி திரும்ப வருது. அப்போ சில நேரம் டாஷ்ல ஆர்பிஎம் பார் முழுசா காலியாகி வருது, சில நேரம் காலியாகறதில்லை. காலையில குளிர்ல செல்ஃப் அடிச்சா ஷிஃப்ட் லைட் முதல்லேர்ந்து ஸ்டார்ட் ஆகற மாதிரி மினுக்குது.

ப்ளக் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு. ஃபால்ட் கோட் ஒண்ணும் இல்ல. வித்தவர் ரெண்டு பாக்ஸும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றார். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

குன்னூர்_எர்த்:
தம்பி, நீங்க சொன்னதுல குறைஞ்சது மூணு வியாதி இருக்கு. ஒண்ணா வச்சு மருந்து கொடுத்தா எதுவும் தீராது.

முதல்ல, ஊட்டி ஸ்டாண்டுல ஓடினது எதையும் நிரூபிக்காது. ஊட்டி 2240 மீட்டர், காத்தழுத்தம் சுமாரா 77 கிலோபாஸ்கல். செட்டிபாளையத்துல 96 பக்கம். அழுத்தம் மட்டும் கால் பங்கு கூட. கீழ வெயில் அதிகம்னு கழிச்சாலும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் 18 சதம் போல காத்து கூடுதலா உள்ள போகுது. சிலிண்டர்ல அழுத்தம் ஏற ஏற ப்ளக் கேப்பை, அதாவது ப்ளக் முனைகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை, தாண்ட காயிலுக்கு அதிக வோல்டேஜ் வேணும். அதுலயும் ஸ்டாண்டுல லோடே கிடையாது, த்ராட்டில் கொஞ்சம் திறந்தாலே ஆர்பிஎம் ஏறிடும். அதனால பலமில்லாத காயில், பலமில்லாத சப்ளை ரெண்டும் மலையில தப்பிச்சுடும், கீழ ஃபுல் த்ராட்டில்ல மாட்டிக்கும். உங்க 8000 மிஸ் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

மீட்டர் எடுங்க. இன்ஜின் ஓடட்டும், 4000 பக்கம் பிடிங்க. நாலு இடம் பாக்கணும்:

பேட்டரி ரெண்டு முனையிலயும்: 13.8லேர்ந்து 14.4 வோல்ட். 15 தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பாக்ஸ்களும் கூடவே போகும்.

பேட்டரி பாசிட்டிவ்ல ஒரு முனை, காயில் பாசிட்டிவ்ல இன்னொரு முனை: 0.3 வோல்டுக்குள்ள இருக்கணும். அரை வோல்ட் தாண்டினா காயில் பட்டினி கிடக்குது.

பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து ஒவ்வொரு பாக்ஸோட எர்த் வயருக்கு: 0.1க்குள்ள நல்லது. 0.2க்கு மேல போனா எர்த்தைத் தேடுங்க. கன்டினியூட்டி பீப் வச்சுப் பாத்து எர்த் சரின்னு சொல்லாதீங்க. ஒத்தை நரம்புல தொங்கற வயரும் பீப் அடிக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது பாக்ஸோட பவர் வயர்ல: 9.5க்குக் கீழ விழுந்தா பல பாக்ஸ் ரீபூட் ஆகும். காலையில ஷிஃப்ட் லைட் மினுக்கறது இதுவாத்தான் இருக்கும். லித்தியம் பேட்டரி குளிர்ல சோம்பேறி. செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடி ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் போட்டு வச்சா செல் சூடாகி நிமிர்ந்துக்கும். சும்மா இருக்கறப்போ 13.2 – 13.4 காட்டணும். 12.8 காட்டினா அது லெட் ஆசிட் கணக்குல நிறைஞ்ச மாதிரி தெரியும், லித்தியத்துல கிட்டத்தட்ட காலி.

ஆர்பிஎம்மைப் பதிவு பண்ற லாகர் இல்லைன்னா டாஷே பாதி சாட்சி சொல்லும். கட் ஆகறப்போ மொத்த டாஷும் அணைஞ்சு ஆரம்ப ஸ்கிரீன் வந்தா பவர் போகுது. ஆர்பிஎம் மட்டும் பூஜ்யமாகி மத்ததெல்லாம் நின்னா ஈசியூவுக்கு (ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நடத்தற கம்ப்யூட்டர்) கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறதை எண்ணறது) சிக்னல் தொலையுது. அப்போ ஸ்பார்க், இன்ஜெக்டர் ரெண்டும் நிக்கும். ஆர்பிஎம் நிஜமாவே இறங்கி, சைலன்சர்ல பட்டாசு சத்தமும் கேட்டா, ஏதோ ஒரு பாக்ஸ் ஸ்பார்க்கை மட்டும் வெட்டுது. லாகர் இருக்கறவங்களுக்கும் இதே கணக்கு: ஓடற வண்டியில கிராங்க் ஒரே கணத்துல நிக்காது, அதனால ஆர்பிஎம் கோடு செங்குத்தா விழுந்தா அது சிக்னல் கோளாறு. சரிவா இறங்கினா நிஜமான கட்.

அடுத்து, பாக்ஸை ஆஃப் பண்றது வேற, கழட்டறது வேற. இன்ஜெக்டர் லைன்லயும் காயில் லைன்லயும் சீரீஸ்ல உக்காந்திருக்கற பாக்ஸ் ஆஃப்ல இருந்தாலும் அதோட கனெக்டர் நடுவுலதான் இருக்கு. முழுசா கழட்டி ஸ்டாக் கனெக்டரை ஸ்டாக் கனெக்டரோட சேருங்க. முதல்ல டூ-ஸ்டெப், அப்புறம் பிக்கிபேக். ஒரு ரன்னுக்கு ஒரு மாத்தம்.

நாநூத்திரெண்டு:
ஆர்பிஎம் பார் காலியாகாம வர்ற கட்டுக்கு என் ஓட்டு டூ-ஸ்டெப்புக்கு. க்விக்‌ஷிஃப்டர் போட்ட பிறகும் ரெண்டு விரல் கிளட்ச் லிவர் மேலயேதான் இருக்கும், கையைக் கவனிங்க. கிளட்ச் சுவிட்ச் லிவரோட முதல் சில மில்லிமீட்டர்லயே மாறிடும், கிளட்ச் பிளேட்டு அசையவே அசையாது. நீங்க 9000ல இருக்கறப்போ டூ-ஸ்டெப் விழிச்சுக்கிட்டா 6500க்குக் கீழ வர்ற வரைக்கும் ஸ்பார்க் தராது. பிரேக் பிடிச்ச மாதிரி மூக்கு குத்தும்.

டெஸ்ட் சுலபம். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், டூ-ஸ்டெப் இன்புட் வயர்ல மீட்டர். லிவரை மெதுவா இழுத்து எங்க மாறுதுன்னு பாருங்க. கேபிள் தளர்வா இருந்தா அதிர்வுலயே தொடும். சரியான தீர்வு, சிக்னலை கிளட்ச் சுவிட்ச்லேர்ந்து எடுக்காம இடது ஹேண்டில்ல ஒரு புஷ் பட்டன் வச்சுடறது. அமுக்கினா டூ-ஸ்டெப், விட்டா கிடையாது. ஸ்டாக் வயரைத் தொடவே வேண்டியதில்லை.

ஃபெர்ன்ஹில்390:
நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். அளந்தது:

சார்ஜிங் 14.1. காயில் பாசிட்டிவ் வரைக்கும் 0.9 வோல்ட் விழுது. டூ-ஸ்டெப் எர்த் 0.08, பிக்கிபேக் எர்த் 0.35. செல்ஃப் அடிக்கறப்போ பாக்ஸ் வயர்ல 8.9. கிளட்ச் சுவிட்ச் லிவர் லேசா தொட்டாலே மாறுது.

ரெண்டு பாக்ஸுக்கும், ஷிஃப்ட் லைட்டுக்கும் பவர் எடுத்திருக்கறது காயிலுக்குப் போற பாசிட்டிவ் வயர்லேர்ந்து, பிளாஸ்டிக் டேப் கிளிப்புல. பிக்கிபேக் எர்த் ஃப்ரேம்ல ஒரு பெயின்ட் போல்ட்டுல. கிராங்க் சென்சார் வயரும் காயில் வயரும் ஒரே டையில கட்டியிருக்கு. ப்ளக் ரேசிங் ப்ளக், பேர்ல ரெசிஸ்டர் எழுத்து இல்ல.

குன்னூர்_எர்த்:
வியாதி எல்லாம் வரிசையா நிக்குது.

0.9 வோல்ட் அந்த டேப் கிளிப்புலதான். அது வயரோட உறையைக் கத்தி மாதிரி வெட்டி உள்ள போகும், பாதி நரம்பையும் வெட்டிடும். மலைக்காத்துல ஈரம் ஏறினா பச்சை பிடிக்கும். மூணு பேர் ஒரே காயில் வயர்ல தண்ணி குடிச்சா காயிலுக்கு என்ன மிச்சம்?

பவருக்குத் தனி வழி போடுங்க. பேட்டரி பாசிட்டிவ், அதுலேர்ந்து ஒரு சாணுக்குள்ள 10 ஆம்பியர் ஃப்யூஸ், அப்புறம் நாலு பின் ரிலேயோட 30ம் நம்பர் பின். ரிலே 87லேர்ந்து 1.5 சதுர மி.மீ வயர்ல பாக்ஸ்களுக்கு. 86க்கு இக்னிஷன் ஆன் ஆனா வர்ற ஏதாவது வயர், 85 எர்த். ரிலேயை ரப்பர் மேல உக்கார வைங்க, ஃப்ரேம்ல நேரா போல்ட் பண்ணினா சிங்கிள் சிலிண்டர் அதிர்வுல உள்ள இருக்கற கான்டாக்ட் துள்ளும். காயில் வயர்ல வெட்டுப்பட்ட இடத்தை வெட்டி எறிஞ்சுட்டு கிரிம்ப் போட்டு, பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் ஏத்துங்க. சாலிடர் மட்டும் போடாதீங்க. ஈயம் நரம்புக்குள்ள ஏறி கம்பி மாதிரி விறைச்சுக்கும், அது முடியற இடத்துல அதிர்வுல ஒடியும்.

எர்த் எல்லாம் பேட்டரி நெகட்டிவ்ல ஒரே இடத்துல. ஃப்ரேம் வேண்டாம்.

ஆர்பிஎம் பார் காலியாகறதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரே டை, ரெசிஸ்டர் இல்லாத ப்ளக், ரெண்டும் சேர்ந்தது. காயில் அடிக்கற ஒவ்வொரு முறையும் கிராங்க் சென்சார் வயர்ல இரைச்சல் ஏறுது, ஈசியூ கிராங்க் சக்கரத்தோட பல் எண்ணிக்கையைத் தவற விடுது. ரெசிஸ்டர் ப்ளக் போடுங்க, 5 கிலோ ஓம் பக்கம் காட்டும். சென்சார் வயரை காயில் வயர்லேர்ந்து ஒரு சாண் தள்ளி கொண்டு போங்க, குறுக்கே போகணும்னா செங்குத்தா கடக்கட்டும். ஷீல்டு வயர் போட்டா ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஸ் இருந்தா ப்ளக் கேப் 0.8 மி.மீ.ல இருந்தா 0.6 ஆக்கிப் பாருங்க. மிஸ் ஓடிப்போச்சுன்னா காயில் பலம் குறைவு. ஓடலைன்னா பெட்ரோல் பக்கம் தேடுங்க.

கோத்தகிரி_டியூன்:
பெட்ரோல் பக்கம் ஒரு எச்சரிக்கை. மிஸ்ஸைப் பாத்துட்டு பிக்கிபேக் மேப்பை ஊட்டியில உக்காந்து மாத்தாதீங்க. ஸ்டாக் ஈசியூ காத்தழுத்தத்தைத் தானே படிச்சு கீழ போனா பெட்ரோலைக் கூட்டிக்கும். பிக்கிபேக் அது மேல சதவீதம் மட்டும்தான் வைக்குது. மேப் சரிபாக்கறதா இருந்தா கீழயே, வைட்பேண்டு சென்சார் (சைலன்சர்ல போற ஆக்சிஜனை அளக்கறது) வச்சு, ஃபுல் த்ராட்டில்ல காத்து-பெட்ரோல் விகிதம் 12.8 – 13.0 பக்கம். ஆனா ஸ்பார்க் மிஸ் தீர்றதுக்கு முன்னாடி வைட்பேண்டு பாக்காதீங்க. எரியாத ஆக்சிஜன் சைலன்சருக்குப் போய் சென்சார் லீன்னு (பெட்ரோல் கம்மின்னு) பொய் சொல்லும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினா ப்ளக் நனைஞ்சு மிஸ் இன்னும் அதிகமாகும்.

இன்னொண்ணு, டூ-ஸ்டெப்பும் க்விக்‌ஷிஃப்டரும் ரெண்டும் காயில் லைனைத்தான் வெட்டுதா? மலிவு பாக்ஸ் சிலது காயில் சார்ஜ் ஆகிட்டிருக்கற நடுவுல லைனைத் திறந்துடும். காயிலோட கரண்ட்டை எப்போ துண்டிச்சாலும் அப்பவே ஸ்பார்க் வரும். அது நேரம் கெட்ட ஸ்பார்க், பிஸ்டன் மேல வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. கட் ஆகறப்போ உலோகத்துல சுத்தியால அடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டா அந்த பாக்ஸை வைக்கவே வேண்டாம்.

நாநூத்திரெண்டு:
க்விக்‌ஷிஃப்டர் செட்டிங்கை யாரும் தொடலை. ரிவர்ஸ் பேட்டர்ன்ல சென்சார் தள்ளறதுக்கா இழுக்கறதுக்கா வேலை செய்யணும்ங்கறது மாறும், பாக்ஸ்ல அதை மாத்தியிருக்கீங்களா பாருங்க. ராடும் லிவரும் சந்திக்கற கோணம் 90 டிகிரி பக்கம். சென்சார் வயர் கியர் லிவரோட முழு ஆட்டத்துலயும் இழுபடக் கூடாது.

கட் நேரம் ஒண்ணு–ரெண்டுக்கு 75 மி.செ.ல ஆரம்பிங்க, மேல் கியருக்கு 60 – 65. அஞ்சு அஞ்சா குறைச்சு, கியர் முரண்டு பிடிக்கற இடம் வந்ததும் பத்து ஏத்தி நிறுத்துங்க. குறைவா வச்சா கியரைப் பூட்டற டாக் பல் மழுங்கி ஃபால்ஸ் நியூட்ரல் (எந்தக் கியர்லயும் மாட்டாம நடுவுல நிக்கறது) விழும், கியர்பாக்ஸ் பிரிக்கற செலவு. அதிகமா வச்சா டைம் போகும், அவ்வளவுதான். ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 300 மி.செ. பூட்டு வைங்க, மூணாவதுல கால் லிவர் மேலயே இருந்தா ரெண்டாவது தடவை வெட்டாம இருக்க.

பனிக்காலம்:
கனெக்டர்ல டைஎலக்ட்ரிக் கிரீஸ் நிறைய அடைச்சுட்டா ஈரப் பிரச்சனையே வராதுங்க. ஊட்டியில இதுதான் முதல் வேலை.

குன்னூர்_எர்த்:
பாதி சரி. கிரீஸ் ரப்பர் சீலுக்கும் வயர் நுழையற இடத்துக்கும். பின் தளர்ந்து போயிருந்தா கிரீஸ் அதைக் காப்பாத்தாது, அது கரண்ட் கடத்தாத பொருள். முதல்ல பின் இறுக்கம் பாக்கணும்.

மலை வண்டிக்கு ஈரம் வேற வழியாவும் வரும். குளிர்ந்து கிடந்த வண்டியை தார்ப்பாய் மூடி டாடா ஏஸ்ல ஏத்தி பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையம் இறக்கினா, கீழ இருக்கற ஈரக்காத்து குளிர்ந்த உலோகத்து மேலயும் கனெக்டர் உள்ளயும் வேர்க்கும். இறங்கினதும் தார்ப்பாயை எடுத்துட்டு, வண்டி கையில தொட்டா வெதுவெதுன்னு ஆகற வரைக்கும் விட்டு அப்புறம் இக்னிஷன் போடுங்க. திரும்பி வர்றப்போ எதிர்மாறா, சூடான பாக்ஸ் மேல ஏறி ஆறும்போது வயர் ஓட்டை வழியா மூடுபனியை உள்ள உறிஞ்சும். உள்ள ரெசின் ஊத்தின பாக்ஸுக்கு இந்தக் கவலை கம்மி. ஊத்தாததை வயர் வர்ற முகம் கீழ பாக்க மாட்டுங்க, வயர் பாக்ஸுக்குக் கீழ ஒரு வளைவு தொங்கிட்டு மேல ஏறட்டும். தண்ணி வளைவுலயே சொட்டிடும்.

ஃபெர்ன்ஹில்390:
ரிலே, எர்த், ரெசிஸ்டர் ப்ளக் மாத்தியாச்சு. காயில் பாசிட்டிவ் இப்போ 0.15 வோல்ட், பிக்கிபேக் எர்த் 0.04. கிராங்க் வயர் தனியா போகுது. டூ-ஸ்டெப் பட்டனுக்கு வந்துடுச்சு. செல்ஃப் அடிக்கறப்போ இன்னும் 9.3தான். அதுக்கு பேட்டரி மாத்தணுமா?

குன்னூர்_எர்த்:
பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரி முனையிலயும் அளந்து பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலயே 9.3ன்னா பேட்டரி, இல்லைன்னா ஹெட்லைட் போட்டு சூடாக்காம அடிச்சிருக்கீங்க. பேட்டரி முனையில 10.5 இருந்து பாக்ஸ்ல மட்டும் 9.3ன்னா ஃப்யூஸ் ஹோல்டரோ ரிலே சாக்கெட்டோ சரியில்ல. கீழ போனதும் முதல் ரன் பிக்கிபேக்கும் டூ-ஸ்டெப்பும் கழட்டி ஸ்டாக்கா, ரெண்டாவது பிக்கிபேக்கோட, மூணாவது டூ-ஸ்டெப்போட. ஒவ்வொண்ணுலயும் ஆர்பிஎம் பார் என்ன பண்ணுதுன்னு எழுதிப் போடுங்க.