பிக்கப் சைடு மிரரில் இண்டிகேட்டர்: தேவையா, வெட்டிச் செலவா?

தக்காளி லோடு
வணக்கம். என்னுடையது 2017 மாடல் பிக்கப். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி கோவையில் இறக்குகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் விடியற்காலை, உக்கடம் தாண்டி ஒரு சந்துக்குள் இடது பக்கம் திரும்பும்போது, ஒரு எக்ஸ்எல் இடது பக்கமாகவே ஏறி வந்து பாடியில் உரசிச் சாய்ந்தது. ஓட்டி வந்த பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பால் கேன் மூடி கழன்று பாதிப் பால் ரோட்டில். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன். அதைச் சொன்னதும், "எங்கப்பா போட்ட? எனக்கு உன் கதவுதான் தெரிஞ்சுது" என்றார். பாலுக்குக் காசு கொடுத்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினேன்.

இப்போது கடையில் மிரர் மேல் மாட்டுகிற எல்இடி இண்டிகேட்டர் கவர் காட்டுகிறார்கள். மஞ்சள் விளக்கு ஓடுகிற மாதிரி எரிகிறது. மாட்டலாமா? எஃப்சியில், அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது, பிரச்சினை வருமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

எக்ஸ்எல் பயணி
கண்டிப்பாகப் போடுங்கள் அண்ணா. நான் தினமும் டூவீலரில் போகிறவன், அந்தப் பெரியவர் இடத்தில் இருந்து சொல்கிறேன். லோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பின்னால் இருக்கும் இண்டிகேட்டர் எங்களுக்கு முடிந்த கதை, அதைத் தாண்டி வந்துவிட்டோம். முன்னால் இருப்பதும் தெரியாது. நடுவில் இருப்பது முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் தகட்டில் நெல்லிக்காய் அளவு ஒரு விளக்கு. அதுவும் சேறு அப்பிக்கொண்டு எங்கள் முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மிரர் மட்டும்தான் எங்கள் கண் மட்டத்தில் இருக்கிறது, பாடியை விட வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கிறது. அங்கே மஞ்சள் அடித்தால் தன்னால் பிரேக்கில் கை போகும்.

மஞ்சள் போர்டு
ஆரம்பித்துவிட்டீர்களா. தம்பி, கம்பெனி கொடுக்காததை வண்டியில் ஒட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்களுடையது 2017 மாடல். எட்டு வருஷம் தாண்டினால் இரண்டு வருஷ எஃப்சி கிடையாது, வருஷா வருஷம் போய் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்னால் கலர் கலராக விளக்கு ஓடவிட்டுக் காட்டப் போகிறீர்களா?

எர்த் வயர்
நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், கோவைதான். போர்டு அண்ணன் சட்டத்தைப் பாதி சொல்லிவிட்டார். 52-ம் பிரிவு பேசுவது ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறுகிற மாதிரி செய்யும் மாற்றத்தை. இண்டிகேட்டர் ஆர்சியில் இல்லை. விளக்குக்கு வேறு விதி இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஐப் பாருங்கள்: மஞ்சள் நிறம், நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மேல் போகாமல் மின்ன வேண்டும். 108-ல் பின்பக்கம் பார்த்து சிவப்பு தவிர வேறு விளக்கு காட்டக்கூடாது, ரிவர்ஸ், நம்பர் பிளேட், இண்டிகேட்டர் மாதிரி சிலது மட்டும் விலக்கு. அதனால் மஞ்சள் மட்டும் எரிகிற விளக்கு ஒரு கதை, சும்மா இருக்கும்போது வெள்ளையும் திரும்பும்போது மஞ்சளும் எரிகிற டூ-இன்-ஒன் வேறு கதை. இரண்டாவதை என் கடையில் யார் கேட்டாலும் மாட்டுவதில்லை.

தக்காளி லோடு தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் இடது ஃபெண்டர் விளக்கு இப்போது எரிகிறதா?

மஞ்சள் போர்டு
விதி நம்பர் எனக்கும் தெரியும். ரோட்டில் நிறுத்துகிறவரிடம் 102, 108 என்று வகுப்பு எடுக்க முடியாது. மார்க்கெட்டுக்குள் நேரத்துக்குப் போகாவிட்டால் தக்காளி என்ன விலைக்குப் போகும் என்று அவரைக் கேளுங்கள்.

தம்மாம் டிரைவர்
சவூதியில் பிக்கப் ஓட்டுகிறேன். கம்பெனி ஹைலக்ஸ். மிரர் இண்டிகேட்டர் ஒன்றும் புதுசு இல்லை, 1998-ல் வந்த பென்ஸ் எஸ் கிளாஸிலேயே உண்டு. இங்கே ஓடும் அமெரிக்க பிக்கப்புகள் சிலவற்றில் இன்னும் நல்ல ஏற்பாடு பார்த்தேன். மிரர் கண்ணாடிக்கு உள்ளேயே அம்புக்குறி. பக்கத்து லேனில் பின்னால் வருகிறவனுக்குப் பளிச்சென்று தெரியும், ஓட்டுகிறவன் கண்ணில் அடிக்காது. எல்இடியை வெளிப்பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பக்கவாட்டு இண்டிகேட்டர் கட்டாயமே இல்லை. ஐரோப்பாவில் கட்டாயம்.

முப்பது வருஷ ஸ்டியரிங்
எல்லாரும் விளக்கு பற்றியே பேசுகிறீர்கள். விளக்கு என்ன சொல்கிறது என்பதில் யாருக்காவது ஒற்றுமை உண்டா? ஹைவேயில் லாரிக்காரன் வலது இண்டிகேட்டர் போட்டால் "திரும்பப் போகிறேன்" என்றும் அர்த்தம், "நீ ஏறிப் போ" என்றும் அர்த்தம். நேராகப் போகிறவன் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஜங்ஷனைத் தாண்டுகிறான். இடது பக்கம் நிற்கிறவனுக்கு அதில் பாதிதான் தெரியும், இவன் லெப்ட் எடுக்கிறான் என்று நினைத்துக்கொள்வான். மிரரில் ஒன்று கூட மாட்டினால் அந்தக் குழப்பம் கண் மட்டத்துக்கு வரும், அவ்வளவுதான்.

நாங்கள் ஓட்டிய காலத்தில் கிளீனர் இடது கதவில் கையை வெளியே விட்டுத் தகரத்தில் ரெண்டு தட்டு தட்டுவான். எந்த டூவீலரும் நின்றுவிடும். இப்போது கிளீனருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் கட்டுப்படி ஆகவில்லை, அதை எல்இடி செய்யும் என்று நம்புகிறோம்.

எக்ஸ்எல் பயணி
ஐயா, கிளீனர் இல்லாததால்தானே விளக்கு கேட்கிறோம். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு நேராகப் போகிறவனைத் திட்டுங்கள், விளக்கைத் திட்டாதீர்கள்.

எர்த் வயர்
வயரிங் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் கடைக்காரர்கள் தப்பு செய்கிறார்கள்.

முதலில் ஒரு பயம் போக வேண்டும். "எல்இடி மாட்டினால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும்" என்பார்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டால்தான் அடிக்கும். முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், ஃபெண்டரில் 5 வாட், மொத்தம் 47. பன்னிரண்டு வோல்ட்டில் ஏறத்தாழ நாலு ஆம்பியர். இதோடு கூடுதலாக ஒன்று ஒன்றரை வாட் எல்இடி சேர்த்தால், இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பிளாஷருக்கு அது உறைக்காது. எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிட்டு, அடிப்பதை நிறுத்த ரெசிஸ்டர் கட்டுகிறார்களே, அதுதான் ஆபத்து. 6 ஓம் ரெசிஸ்டர் எரியும் நேரத்தில் 24 வாட் சூடு தள்ளும். அதை பிளாஸ்டிக் மேல் கேபிள் டை போட்டுக் கட்டிவைத்த வண்டி எனக்கு வந்திருக்கிறது, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

அடுத்தது கதவு. மிரர் கதவில் இருக்கிறது, கரண்ட் பாடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கீல். லோடு வண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவு திறப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வயரை நேராக இழுத்துவிட்டால் ஆறு மாதத்தில் அந்த மடிப்பில் செம்பு அறுந்துவிடும், இல்லாவிட்டால் தோல் உரிந்து பாடியில் பட்டு ஃபியூஸ் போகும். அப்போது கூடுதல் விளக்கு மட்டும் இல்லை, இருந்த இண்டிகேட்டரும் சேர்ந்து போகும். மெல்லிய இழை அதிகமுள்ள வயர், கீல் பக்கம் இருக்கும் ரப்பர் உறைக்குள் கொஞ்சம் தொய்வு விட்டு, பற்றவைத்து ஹீட் ஸ்லீவ். பிளாஸ்டிக் மிரரில் எர்த் கிடைக்காது, அதையும் பாடியில் இருந்து தனியாகக் கொண்டுவர வேண்டும். புது வண்டி என்றால் இதில் கை வைக்காதீர்கள், வாரண்டி போகும்.

மஞ்சள் போர்டு
பார்த்தீர்களா, எலக்ட்ரீஷியனே பத்து "வேண்டும்" சொல்லிவிட்டார். இன்னொன்று கேட்கிறேன். கடையில் விற்கிற கவரில் விளக்கு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? மிரருக்கு முன்பக்கம், எதிரே வருகிறவனைப் பார்த்து. எதிரே வருகிறவனுக்குத்தான் ஹெட்லைட் பக்கத்தில் ஏற்கெனவே இண்டிகேட்டர் தெரிகிறதே. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்த பால்காரருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? மிரரின் கறுப்பு முதுகா?

எர்த் வயர்
இது சரியான கேள்வி. இதை ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய விதியில் பக்கவாட்டு இண்டிகேட்டர் பின்பக்கமாகத்தான் தெரிய வேண்டும் என்று கோணமே கொடுத்திருக்கிறார்கள்: வண்டியின் நீளவாக்கில் இருந்து 5 டிகிரியில் தொடங்கி 60 டிகிரி வரை. அதனால்தான் கம்பெனி மிரரில் விளக்கின் கண்ணாடி வெளி ஓரத்தைச் சுற்றிப் பின்னால் மடிந்து வரும். கடையில் வாங்கும்போது சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பின்னால் இருந்து பாருங்கள். ஓரம் மஞ்சளாகத் தெரியாவிட்டால் அது அலங்காரம்.

முப்பது வருஷ ஸ்டியரிங்
பின்னால் மடிந்து வந்தால் ஓட்டுகிறவன் கண்ணிலும் அடிக்கும். மழை ராத்திரியில் சன்னலில் நீர்த்துளி ஒவ்வொன்றும் மஞ்சளாக மின்னும், மிரருக்குள் என்ன வருகிறது என்றே தெரியாது. யாரைக் காப்பாற்ற மாட்டினோமோ அவனையே பார்க்க முடியாமல் போய்விடும்.

தம்மாம் டிரைவர்
கம்பெனி மிரரில் ஓட்டுகிறவன் பக்கம் ஒரு தடுப்பு இருக்கும் ஐயா. சொந்தமாக மாட்டினால் கறுப்பு டேப் ஒரு விரல் அகலம் ஒட்டினால் போதும்.

தக்காளி லோடு
எல்லாருக்கும் நன்றி. எர்த் வயர் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

நேற்று சாயங்காலம் மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தி இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கினேன். லோடு இறக்குகிற தம்பியின் எக்ஸ்எல்லை வாங்கி, பின்சக்கரத்துக்கு நேராக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஃபெண்டர் விளக்கு எரியவே இல்லை. கழற்றினால் ஹோல்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு, பல்பு விரலோடு கழன்று வந்தது. காய்கறித் தண்ணீரும் மழையும் எவ்வளவு நாளாக இறங்கியதோ தெரியவில்லை. உள்ளே டிக் டிக் சத்தம் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது, அம்புக்குறியும் ஒழுங்காக எரிந்தது. பெரியவர் சொன்னது நிஜம். அவருக்கு நான் இண்டிகேட்டர் போடவே இல்லை.

புது ஹோல்டர், புது பல்பு, லென்ஸும் வெளிறிப்போயிருந்ததால் அதையும் மாற்றினேன். மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இருட்டிய பிறகு நன்றாகத் தெரிகிறது. பகலில், நேராக வெயில் அடித்தால், தேடினால்தான் தெரிகிறது. பாடியை ஒட்டி வண்டியை நகர்த்தினால், படுதாக் கயிறும் கிரேட் மூலையும் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சுத்தமாக மறைகிறது.

எர்த் வயர்
நினைத்தேன். 21 வாட் போனால்தான் பிளாஷர் படபடவென்று அடித்துச் சொல்லும். 5 வாட் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. எஃப்சிக்கு முந்தின நாள் எல்லாரும் முன்னும் பின்னும் நடந்து பார்ப்பார்கள், பக்கவாட்டில் யாரும் பார்ப்பதில்லை.

மஞ்சள் போர்டு
ஆக, இருந்த விளக்கைப் பார்க்காமல் இல்லாத விளக்கைத் தேடியிருக்கிறோம். நூறு ரூபாயில் முடிந்தது. விடுங்கள்.

எக்ஸ்எல் பயணி
முடியவில்லை அண்ணா. வெயிலில் தேடினால்தான் தெரிகிறது, பாடியை ஒட்டினால் மறைகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். நாங்கள் தேடிக்கொண்டு ஓட்டுவதில்லை.

மஞ்சள் போர்டு
பாடியை ஒட்டி ஏன் ஓட்டுகிறீர்கள்?

எக்ஸ்எல் பயணி
ரோட்டில் எங்களுக்கு மிச்சம் இருப்பது அந்த இடம்தான்.

தக்காளி லோடு
சண்டை வேண்டாம். மிரரிலும் போடுவது என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். ஓடுகிற விளக்கு இல்லை, வெள்ளை இல்லை, ஓரம் பின்னால் மடிந்த சாதா மஞ்சள். இடது பக்கம் மட்டும் போதுமா? வலது பக்கம் யாரும் இப்படி நுழைவதில்லை.

மஞ்சள் போர்டு
ஒரு பக்கம் மட்டும் போட்டு இன்ஸ்பெக்டரிடம் போனால் முதல் கேள்வியே "இன்னொன்று எங்கே" என்றுதான் வரும். போடுவதாக இருந்தால் ஜோடியாகப் போடுங்கள். எனக்கு இதில் இன்னும் சம்மதம் இல்லை, அது வேறு.

எர்த் வயர்
ஜோடியாகவே போடலாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள். வலது ஃபெண்டர் ஹோல்டரையும் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கதவில் கை வைக்கலாம்.